முன்பின் தெரியாத பியானோவோடு ஒரு மணி நேரம்

போட்டியொன்றில் பரிசு வாங்கியதும் இளம் பியானோ கலைஞர்களுக்கு இசை விழா அழைப்புகள் வர ஆரம்பிக்கும். பிரான்சில் 1981 முதல் நடக்கும் லா ரோக் தாந்தெரோன், சுவிட்சர்லாந்தில் 1994 முதல் நடக்கும் வெர்பியே, போலந்தின் தூஷ்னிகியில் 1946 முதல் நடக்கும் ஷோப்பான் விழா என்று பெயர் பெற்ற மேடைகள் பல. பெரிய பெயர்கள் இரவில் வாசிப்பார்கள். புதியவர்களுக்குப் பல விழாக்களில் காலையிலோ மதியத்திலோ, இடைவேளை இல்லாத 50 முதல் 60 நிமிடக் கச்சேரி கிடைக்கும். ஒத்திகைக்கு மேடை பியானோ ஒரு மணி நேரம். முன்னால் இருப்பவர் தாமதமாக எழுந்தால் 40 நிமிடம்.

போட்டியிலாவது பியானோவைத் தேர்ந்தெடுக்க விடுகிறார்கள். வார்சா ஷோப்பான் போட்டியில் பல நிறுவனங்களின் பியானோக்களை வரிசையாக நிறுத்தி, ஆளுக்குச் சில நிமிடம் வாசித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். 2021இல் ப்ரூஸ் லியு ஃபாட்சியோலி நிறுவனத்தின் பியானோவில் வாசித்துத்தான் முதல் பரிசு வாங்கினார். விழாவில் அந்தப் பேச்சே இல்லை. நிற்பது எதுவோ அதுதான். கிறிஸ்டியன் ஸிமர்மன் போலத் தன் பியானோவைக் கூடவே கொண்டுபோகிறவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்ற எல்லோருக்கும் அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதில்தான் கச்சேரியின் பாதி இருக்கிறது. வீட்டில் ஆறு மாதம் உழைத்தவர்கள் இந்த ஒரு மணி நேரத்தை வீணடிப்பதைப் பார்த்தால் வயிறு எரியும்.

ஆனால் அதற்கு முன்பே, நிகழ்ச்சி நிரலில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கும். 55 நிமிடம் என்று கடிதம் சொன்னால் இசை 48 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். மேடைக்கு வருவது, வணங்குவது, துண்டுகளுக்கு நடுவே கைதட்டல், கைதட்டலுக்குப் பதிலாகக் கடைசியில் கூடுதலாக வாசிக்கும் ஒரு என்கோர் எல்லாம் சேர்ந்து ஏழு நிமிடத்தைச் சாப்பிட்டுவிடும். ஹைடனின் இ ஃப்ளாட் மேஜர் சொனாட்டா (ஹோபோகன் பட்டியலில் 16:52) ஏறக்குறைய 19 நிமிடம், ஷோப்பானின் நான்காவது பலாட் 11, ரவேலின் ‘காஸ்பார் த லா நுய்’ 22. கூட்டினால் 52. இது 60 நிமிட இடத்துக்குச் சரி, 55க்கு ஆகாது. இறுக்கிப் பிடித்தால் ஹைடனின் முதல் மூவ்மென்ட்டில் (பகுதியில்) ஒரு ரிப்பீட்டை, அதாவது திரும்ப வாசிக்கச் சொல்லும் இடத்தை, விட்டு இரண்டு மூன்று நிமிடம் மிச்சம் பண்ணலாம். அந்த முடிவை மேடையில் எடுக்கக் கூடாது. ரிப்பீட் உண்டா இல்லையா என்று விரலுக்குத் தெரியாமல் உட்கார்ந்தால் மனப்பாடம் அங்கேயே சறுக்கும்.

எதில் ஆரம்பிப்பது என்பது நேரத்தைவிட முக்கியம். முதல் துண்டு உங்களுக்கு அந்தப் பியானோவைப் பழக்க வேண்டும். மேலே சொன்ன ஹைடன் நல்ல தொடக்கம்: பல ஸ்வரங்களைச் சேர்த்து அடிக்கும் தடித்த கோர்டுகளோடு ஆரம்பிக்கிறது, கை நடுங்கினாலும் தெரியாது, நான்கு வரிக்குள் பியானோவின் கனம் கைக்கு வந்துவிடும். பேத்தோவனின் ‘வால்ட்ஸ்டைன்’ அப்படியில்லை. தாழ்ந்த பகுதியில் பியானிஸிமோவில் (மிக மெல்ல) ஒரே கோர்டு படபடவென்று திரும்பத் திரும்ப வரும். கீ கொஞ்சம் கனமாக இருந்தால் பாதி கோர்டுகள் ஒலிக்காது, லேசாக இருந்தால் மெஸ்ஸோ ஃபோர்ட்டே (நடுத்தரச் சத்தம்) ஆகிவிடும். அதையே நடுவில் வைத்தால் பிரச்சினை இல்லை. ஸ்கார்லாட்டியின் கே. 141, ஒரே ஸ்வரத்தை விரல் மாற்றி மாற்றி அடிக்கும் சொனாட்டா. தெரியாத பியானோவில் அதை வைத்துக் கச்சேரியைத் தொடங்குவது சூதாட்டம்தான். 2022 வான் கிளைபர்ன் போட்டி அரையிறுதியில் 18 வயது யுன்சான் லிம் லிஸ்ட்டின் பன்னிரண்டு டிரான்ஸெண்டென்டல் எட்யூட்களையும் ஒரே மூச்சில் வாசித்தார் என்பது உண்மை. அதைப் பார்த்துவிட்டு முதல் விழாவிலேயே அந்த மாதிரி நிரலைக் கொடுக்கிறவர்களுக்கு என் யோசனை: வேண்டாம். விழாவுக்கு வருகிற ஆள் மதிப்பெண் போட வரவில்லை.

சரி, ஒத்திகை.

உட்கார்ந்தவுடன் வாசிக்காதீர்கள். முதலில் பெஞ்ச். வீட்டில் உயரத்தைத் தரையிலிருந்து அளந்துகொண்டு வருவது பலருக்குப் பழக்கம், அது ஏமாற்றும். மேடை பியானோக்கள் பெரிய சக்கரங்களில் நிற்கும். சிலவற்றின் கீபோர்ட் வீட்டுப் பியானோவைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம். அதனால் நீங்கள் உட்கார்ந்த நிலையில் முழங்கையின் அடிப்பக்கம் வெள்ளைக் கீயின் மேல்தளத்துக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்று அளந்து வையுங்கள். மெத்தை அழுந்தும் என்பதால் உட்கார்ந்துதான் அளக்க வேண்டும். கீபோர்ட் உயர்ந்தால் பெடலும் உயரும். குதிகால் தரையில் ஊன்றியபடி பாதம் செங்குத்தாக நிற்கும். அரை மணி நேரத்தில் கணுக்கால் வலிக்கும், பெடலைப் பாதி மட்டும் இறக்கும் அரைப் பெடல் கட்டுப்பாடு போய்விடும். குதியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடுதலுள்ள ஷூ ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். கச்சேரி ஷூவைப் போட்டுக்கொண்டுதான் ஒத்திகை பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் ஸ்னீக்கரோடு ஒத்திகை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, பியானோவின் மிக மெல்லிய ஒலி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். நடுவில் உள்ள ஸி கீயை, சத்தமே வராதபடி, மிக மெதுவாக அழுத்துங்கள். கீ மொத்தம் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கும். அடிக்குக் கொஞ்சம் முன்னால் விரலில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். சுத்தியல் கம்பிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்தில் கீயின் பிடியிலிருந்து விடுபடும் இடம் அது. ஒலி எவ்வளவு என்று தீர்மானமாவது அந்த இடத்துக்குள்தான். அதற்குக் கீழே எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. அந்த மேட்டைத் தொட்டபடி சற்று வேகம் கொடுத்தால் வருவதுதான் அந்தப் பியானோவின் உண்மையான பியானிஸிமோ. இதைத் தாழ்ந்த பகுதி, நடு, மேல் என்று மூன்று இடத்தில் செய்து பாருங்கள். நன்றாகப் பராமரித்த பியானோவில் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். இல்லையென்றால் எந்தப் பகுதியில் ஸ்வரம் ‘விழுங்கப்படும்’ என்று இப்போதே தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை. அதே பியானிஸிமோவில் ஒரு நாலு ஸ்வரக் கோர்டை வாசித்து, மேல் ஸ்வரம் மட்டும் தெளிவாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள். புதிய, கடினமான ஃபெல்ட் உள்ள சுத்தியல் என்றால் மேல் ஸ்வரம் தானாகவே கத்தும், சுண்டுவிரலில் அழுத்தம் வேண்டாம். தேய்ந்து மெத்தென்று ஆன சுத்தியல் என்றால் நீங்கள்தான் கூட்ட வேண்டும்.

பிறகு ஒரே ஸ்வரத்தைத் திரும்ப அடிப்பது. 1821இல் பியானோ தயாரிப்பாளர் எரார் கண்டுபிடித்த இரட்டை எஸ்கேப்மென்ட் இருப்பதால் கிராண்ட் பியானோவில் கீ முழுக்க மேலே வராமலே மறுபடி அடிக்கலாம். எவ்வளவு மேலே வந்தால் போதும் என்பது மட்டும் பியானோவுக்குப் பியானோ மாறும். ‘காஸ்பார்’ தொகுப்பின் கடைசித் துண்டான ‘ஸ்கார்போ’வின் ஆரம்பத்தில் வரும் படபடப்புக்கு இதுதான் உயிர். கைக்கு ஒத்துவரவில்லை என்றால் தீர்வு வேகத்தைக் குறைப்பதில் இல்லை. விரலைக் கீயை விட்டு முழுக்கத் தூக்காமல், கீயின் நுனிப்பக்கம், உங்களை நோக்கிய விளிம்பில் வாசியுங்கள். நெம்புகோல் நீளம் அங்கேதான் அதிகம், கனம் குறைந்த மாதிரி இருக்கும். கனமான பியானோவில் கீக்கள் மேல் விரலைச் சறுக்கி இழுக்கும் கிளிஸ்ஸாண்டோவும் சோதனை. ‘வால்ட்ஸ்டைன்’ கடைசியில் வரும் ஆக்டேவ் கிளிஸ்ஸாண்டோ அந்தக் காலத்து லேசான, ஆழம் குறைந்த கீக்களுக்கு எழுதப்பட்டது. இன்றைய பியானோவில் தோல் கிழியலாம். இரு கைக்குப் பிரித்து வாசிக்கும் மாற்று விரலமைப்பு ஒன்றை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வந்தால், எதை எடுப்பது என்று ஒத்திகையில் முடிவு செய்யலாம்.

பெடலுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், குறைக்காதீர்கள். தாழ்ந்த பகுதியில் ஒரு ஸ்வரத்தைக் குட்டையாக வெட்டி வெட்டி வாசித்துக்கொண்டே வலது பெடலை மெல்ல மெல்ல இறக்குங்கள். முதலில் கொஞ்ச தூரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு புள்ளியில் ஒலி தங்க ஆரம்பிக்கும், இன்னும் கொஞ்சம் இறங்கினால் முழுதாகத் தங்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் உங்கள் அரைப் பெடல். சில பியானோக்களில் அது ஒரு நகக்கண் அளவு இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. பின்னதில் டெபுஸியைக் கலங்காமல் வாசிக்க, காலை நடுவில் நிறுத்தப் பார்ப்பதைவிட வேகமாகப் படபடவென்று மாற்றுவதுதான் வழி. இடது பெடல் சுத்தியல் வரிசையையே வலப்பக்கம் நகர்த்துகிறது. மூன்று கம்பிக்குப் பதில் இரண்டில் அடிபடும், ஃபெல்ட்டின் அடிபடாத மெத்தென்ற பகுதி கம்பியில் படும். அதனால் ஒலி குறைவதைவிட நிறம் மாறுவதுதான் பெரிது. சில பியானோக்களில் இந்த மாற்றம் அவ்வளவு கூர்மையாக இருக்கும், ஒரு வரியின் நடுவில் போட்டால் வேறு பியானோ வந்துவிட்ட மாதிரி கேட்கும். அப்படியென்றால் வரியின் தொடக்கத்தில் மட்டும் போடுங்கள். நடுப் பெடலை நம்பி ஏதாவது பாஸ் ஸ்வரத்தைப் பிடித்துவைக்கத் திட்டம் இருந்தால், அந்தப் பெடல் போடும் நொடியில் வலது பெடல் மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் தூக்கியிருக்கும் எல்லா டேம்பரையும் (கம்பியின் ஒலியை அடக்கும் திணிப்பு) அது பிடித்துக்கொள்ளும், மொத்தமும் குழம்பும். நடுப் பெடலே இல்லாத பழைய ஐரோப்பிய கிராண்டுகளும் உண்டு.

மிச்ச நேரத்தில் நிரல் முழுவதையும் ஓட்டிப் பார்க்கக் கூடாது. எல்லாத் துண்டுகளின் முதல் எட்டு பார் (தாளக் கட்டம்), ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடம், மிக உரத்த இடம், மிக மெல்லிய இடம், இவ்வளவுதான். உரத்த இடத்தை முழுப் பலத்தில் ஒருமுறை மட்டும். பியானோ எங்கே ‘உடைகிறது’, அதாவது ஒலி பெருகாமல் கரகரக்க ஆரம்பிக்கிறது என்று தெரிந்தால் போதும். அந்த எல்லைக்கு ஒரு படி கீழே உங்கள் ஃபோர்ட்டிஸிமோ.

தெரிந்தவர் ஒருவரை அரங்கின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் உட்கார வையுங்கள். நீங்கள் கேட்பதும் அவர் கேட்பதும் ஒன்றல்ல. திறந்த மூடி ஒலியை அவர் பக்கம் தள்ளுகிறது. அவரிடம் “எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். “இடது கை அதிகமா? வேகமான இடத்தில் ஸ்வரம் பிரிந்து கேட்குதா?” என்று கேளுங்கள். காலியான அரங்கு எப்போதும் கூடுதலாக எதிரொலிக்கும். ஆட்கள் வந்து உட்கார்ந்தால், முக்கியமாக மேல் ஸ்வரங்களின் பளபளப்பு, அவர்கள் உடையிலேயே அடங்கிவிடும். கல்லால் கட்டிய தேவாலயங்கள் இதற்கு விதிவிலக்கு. கூட்டம் வந்தாலும் எதிரொலி பல விநாடி நீளும். அங்கே ஒரே கருப்பொருளைப் பல குரல்கள் அடுத்தடுத்துத் தொடரும் ஃபியூக் வாசிக்கிறீர்கள் என்றால் வேகத்தைக் கொஞ்சம் இறக்கி, பெடலைப் பாதியாகக் குறைத்து, விரலாலேயே ஸ்வரங்களைப் பிரியுங்கள். ஓய்வுக் குறிகளை எழுதியதைவிடச் சற்று நீட்டினாலும் யாருக்கும் நீளமாகத் தோன்றாது.

திறந்தவெளி மேடை வேறு உலகம். லா ரோக் தாந்தெரோனில் கோட்டைப் பூங்காவில், ஒலியைத் திருப்பும் ஓடு போன்ற கூரைக்குக் கீழே வாசிக்கிறார்கள். சிள்வண்டுகள் கூடவே கச்சேரி செய்யும். வெயில் நேராகப் பியானோ மேல் விழுந்தால் கம்பிகள் விரிந்து சுருதி இறங்கும்; மாலையில் குளிர்ந்ததும் ஏறும். ஈரக் காற்று ஒலிப்பலகையை உப்ப வைத்து, நடுப் பகுதியின் சுருதியைத்தான் முதலில் கெடுக்கும். கீக்களைத் தாங்கும் துணித் திணிப்பும் உப்பும். ஒரு கீ அழுத்தியபின் சோம்பலாக எழுந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சிகள் கீபோர்டில் வந்து உட்காரும், அதற்குத் துணிந்துகொள்ள வேண்டும். இரவுக் காற்றில் கை விறைக்கும். மேடை ஏறும் நிமிடம் வரை விரல் நுனி வெட்டிய கையுறை, சட்டைப் பையில் சூட்டுப் பை. வெந்நீரில் கையை முக்கி எடுப்பது உடனே சுகம், ஆனால் ஈரம் உலரும்போது முன்பைவிடக் குளிரும்.

ட்யூனரிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. நழுவிய ஒரு யூனிசன் (ஒரே ஸ்வரத்தின் மூன்று கம்பிகளில் ஒன்று மட்டும் விலகி அலையடிப்பது), கிறீச்சிடும் பெடல், பெடலின் வெறும் ஆட்டம், சிக்கும் கீ, மற்றவற்றைவிடக் கத்தும் இரண்டு மூன்று சுத்தியல்கள்: இதெல்லாம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆகும். மொத்தப் பியானோவையும் மென்மையாக்குங்கள், கீக்களை லேசாக்குங்கள் என்று கேட்டால் ஆகாது. நேரமும் இல்லை, இரவில் அதே பியானோவில் வேறொருவர் வாசிக்கப்போகிறார். குறையைச் சொல்லும்போது ஸ்வரத்தின் பெயரோடு சொல்லுங்கள்: “நடு ஸிக்கு மேலே இரண்டாவது ஜி, கத்துகிறது.” ‘மேலே எங்கேயோ ஒரு மாதிரி இருக்கு’ என்பதை வைத்து அவர் என்ன செய்வார்? ஒத்திகைக்குப் பிறகு, அரங்கைத் திறக்கும் முன், சுருதி சரிபார்க்க அவருக்கு நேரம் வேண்டும். முழுச் சுருதி சேர்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் உங்கள் நேரம் முடிந்ததும் எழுந்துவிடுங்கள். இன்னும் பத்து நிமிடம் என்று கெஞ்சி வாங்குவது உங்கள் சுருதியிலிருந்துதான் போகும்.

மனப்பாடம் பற்றி நிறைய எழுதலாம். இங்கே ஒன்று மட்டும். சொனாட்டாக்களில் பெரும்பாலான விபத்துகள் ஒரே இடத்தில்தான் நடக்கின்றன: எக்ஸ்பொசிஷனில் (கருப்பொருள்கள் முதலில் வரும் பகுதி) வேறு சுருதிக்குப் போகும் திருப்பமும், ரீகேப்பிட்டுலேஷனில் (அவை திரும்பி வரும் பகுதி) அதே மாதிரி தொடங்கி வேறு பக்கம் திரும்பும் திருப்பமும். ‘வால்ட்ஸ்டைன்’ முதல் மூவ்மென்ட்டில் இரண்டாவது கருப்பொருள் முதலில் இ மேஜரில் வரும், திரும்பி வரும்போது ஏ மேஜரில். பதற்றத்தில் கை பழைய திருப்பத்தை எடுத்தால் மறுபடி ஆரம்பத்துக்கே போய்ச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்த இரண்டு திருப்பங்களையும் அடுத்தடுத்து, மாற்றி மாற்றி, பத்து முறை வாசிப்பதுதான் மருந்து. முழு மூவ்மென்ட்டையும் நூறு முறை வாசித்தாலும் இந்த நோய் தீராது. பேத்தோவனின் ஓபஸ் 110 சொனாட்டாவின் கடைசி மூவ்மென்ட்டில் ஃபியூக் இரண்டாவது முறை தலைகீழாக, ஜி மேஜரில் வருகிறது. அங்கே ஒவ்வொரு குரலையும் தனியாக எடுத்து வாசிக்கத் தெரிந்தவர்களே தடுமாறாமல் கடக்கிறார்கள். இதைத் தவிர ஒவ்வொரு மூவ்மென்ட்டிலும் பத்துப் பன்னிரண்டு இடங்களுக்கு எண் கொடுத்து, யாராவது “ஏழு!” என்றால் அங்கிருந்து ஆரம்பிக்கப் பழகுங்கள். மேடையில் தவறினால் பின்னால் போய்த் தேடாதீர்கள், அடுத்த எண்ணுக்குத் தாவுங்கள். ஸ்கோரை வைத்து வாசிப்பதிலும் அவமானம் ஒன்றுமில்லை. பியானோ மேதை ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர் கடைசி ஆண்டுகளில் அரங்கை இருட்டாக்கி, ஒரு சிறு விளக்கு வெளிச்சத்தில் ஸ்கோரைப் பார்த்தே வாசித்தார். டேப்லெட் என்றால் ஏரோபிளேன் மோட், திரை தானாக அணைவதை நிறுத்துவது, வெளிச்சம் தானாக மாறுவதை நிறுத்துவது மூன்றையும் முந்தின நாளே முடியுங்கள். பக்கம் திருப்பும் ப்ளூடூத் பெடலை இடது பெடலுக்கு இன்னும் இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி, நழுவாதபடி டேப் போட்டு ஒட்டுங்கள். பக்கத்திலேயே வைத்தால் உணர்ச்சிகரமான இடத்தில் ஒரே காலால் இரண்டையும் மிதிப்பீர்கள்.

விளக்கையும் ஒத்திகையிலேயே போடச் சொல்லுங்கள். ஒரு பக்க ஸ்பாட் விளக்கு மட்டும் எரிந்தால் கறுப்புக் கீக்களின் நிழல் வெள்ளைக் கீக்கள் மேல் விழுந்து, தூரம் தாவும் இடங்களில் கண்ணை ஏமாற்றும். எதிர்ப்பக்கம் மங்கலாக இன்னொரு விளக்கு போட்டால் தீர்ந்தது.

விழாக்களில் இளைஞர்களைத் திடீரென்று ஒரு டிரையோவிலோ (மூவர் குழு) குவின்டெட்டிலோ (ஐவர் குழு) சேர்த்துவிடுவார்கள், இரண்டே ஒத்திகையோடு. பியானோவின் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸிலா 442இலா என்று வயலின்காரர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பியானோவால் அவர்கள் பக்கம் வர முடியாது. மூடியைச் சிறு கம்பில் வைப்பதா முழுக்கத் திறப்பதா என்ற சண்டைக்கு, முழுக்கத் திறந்து மெல்ல வாசிப்பதே நல்ல பதில். பாதி மூடிய பியானோ சத்தத்தைவிடத் தெளிவைத்தான் அதிகம் இழக்கிறது.

என்கோரை நிரலைப்போலவே ஒத்திகை பாருங்கள், குறைந்தது முதல் வரியையாவது அந்தப் பியானோவில். மூன்று நிமிடம் போதும். ‘ஸ்கார்போ’வில் முடித்திருந்தால் அதைவிட வேகமானதைத் தேடாமல் மெதுவான ஒரு ஸ்கார்லாட்டியோ ஷூமனின் ‘ட்ராய்மெராய்’யோ எடுங்கள். வானொலி நேரடி ஒலிபரப்பு இருந்தாலும், அடுத்த கச்சேரிக்கு அதே அரங்கு வேண்டுமென்றாலும் என்கோருக்கு இடமே இருக்காது. மேடை மேலாளரிடம் காலையிலேயே கேட்டுவையுங்கள். அனுமதி உண்டு என்றால், இரண்டாவது முறை வணங்கி உள்ளே போய் மூன்றாவது முறை வெளியே வரும்போது உட்காருங்கள். கைதட்டல் அடங்கிய பிறகு போய் உட்கார்ந்தால் ஜனங்கள் பையை எடுத்துக்கொண்டு பாதி எழுந்திருப்பார்கள். துண்டின் பெயரைக் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி, பியானோவைப் பார்த்துச் சொல்லாமல் அவர்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.